பழைய லென்ஸா, புதிய லென்ஸா? ஒரு மெல்லிய பூச்சின் வரலாறு

ஃபிலிம் கேமரா பக்கம் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். பழைய லென்ஸ் வாங்கலாமா, புதுசு வாங்கலாமா? பதில் சொல்ல இரண்டு கட்சிகள் தயாராக இருக்கும். "பழைய லென்ஸ்ல ஒரு உயிர் இருக்குங்க, புதுசெல்லாம் கத்தி மாதிரி வெட்டும், ஆனா முகத்துல களை இருக்காது" என்பது ஒரு கட்சி. "தேய்ந்த செருப்பைக் காட்டி அனுபவம்னு சொல்வீங்களா, பழசுன்னா பழசுதான்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. பழைய லென்ஸ் ஏன் அப்படிப் படம் எடுக்கிறது? அந்த "உயிர்" லென்ஸுக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? லென்ஸ்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், ஒரே பொருளாக நாம் நினைக்கிற "பழைய லென்ஸ் குணம்" மூன்றாகப் பிரிகிறது. ஒன்று பூச்சு. இரண்டு கணக்கு. மூன்று வயசு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். இன்றைக்கு ஒரு ஃபிலிம் ரோல் விற்கிற விலைக்கு, ஏமாறாமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

பூச்சிலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் கதை ஒரு கறையில் தொடங்குகிறது.

கறை நல்லது

1890-களில் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் டி. குக் அண்ட் சன்ஸ் என்று ஒரு தொலைநோக்கிக் கம்பெனி இருந்தது. அங்கே ஒளியியல் வேலையைப் பார்த்தவர் ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர். காற்றும் ஈரமும் பட்டு மேற்பரப்பு நிறம் மாறிப்போன பழைய லென்ஸ்கள் அவர் கைக்கு வந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கும், தேய்த்துப் பளபளப்பாக்கித் தாருங்கள் என்றுதான் யாரும் கேட்பார்கள். டெய்லர் கவனித்தது வேறு. கறை படிந்த லென்ஸ், பளபளப்பான புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது.

கறை எப்படி வெளிச்சத்தைக் கூட்டும்? கூட்டவில்லை, வீணாவதைக் குறைத்தது. கண்ணாடியின் மேல் படிந்த அந்த மெல்லிய படலம், திரும்பிப் போகிற வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. காலம் செய்த வேலையை ரசாயனத்தால் வேகமாகச் செய்ய முடியுமா என்று முயன்று, 1904-ல் டெய்லர் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் ஒவ்வொரு வகைக் கண்ணாடியிலும் ஒவ்வொரு விதமாக விளைவு வந்தது. நம்பி விற்கிற சரக்காக அது மாறவில்லை. யோசனை கிட்டத்தட்ட 30 வருடம் கிடப்பில் கிடந்தது.

ஒவ்வொரு பரப்பும் ஒரு சுங்கச்சாவடி

இரவில் பஸ் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரிகிறதே, அதுதான் இங்கே விஷயம். கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் வெளிச்சத்தில் ஒரு பங்கு திரும்பிவிடும். சாதாரணக் கண்ணாடியில் ஒரு பரப்புக்குச் சுமார் 4 சதவீதம். ஒளிவிலகல் எண் கூடிய கனமான கண்ணாடியில் 6, 7 வரை போகும். கணக்குக்குச் சராசரியாக 5 என்று வைத்துக்கொள்வோம்.

பூச்சு இல்லாத ஒரு லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் 6 இருந்தால், கடைசியில் ஃபிலிமுக்குப் போய்ச் சேர்வது சுமார் 74 சதவீதம். 8 இருந்தால் 66 சதவீதம். நெடுஞ்சாலையில் சாவடிக்குச் சாவடி பணம் கட்டிக்கொண்டே போவது மாதிரி.

"சரி, போனா போகட்டும், ஷட்டர் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்" என்று தோன்றும். ஆனால் திரும்பின வெளிச்சம் சும்மா போய்விடுவதில்லை. முந்தின பரப்பில் மோதி, மறுபடி ஃபிலிமை நோக்கி வருகிறது. இப்படி இரண்டு தடவை மோதி வருகிற ஒவ்வொரு ஜோடியும், 5-ல் 5 சதவீதம், அதாவது கால் சதவீத வெளிச்சத்தைத் தப்பான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும். பரப்புகள் 6 என்றால் இப்படிப்பட்ட ஜோடிகள் 15. 8 என்றால் 28. பரப்புகளில் இரண்டுதான் கூடியது, ஜோடிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டன. 28 ஜோடிக்குக் கூட்டிப் பார்த்தால் 7 சதவீதம். எல்லாமே படத்துக்குள் விழாது. விழுகிற அளவே போதும், வேலையைக் கெடுக்க.

வெயிலில் ஒரு வெள்ளைச் சுவர், பக்கத்தில் நிழலில் ஒரு கருப்புக் குடை. குடையிலிருந்து வருகிற வெளிச்சம், சுவரிலிருந்து வருவதில் நூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். அந்த இடத்தின் மேல் சுவரின் வெளிச்சம் இன்னும் இரண்டு பங்கு வந்து படிந்தால், குடை கருப்பாக இருக்காது, சாம்பலாகிவிடும். பழைய படங்களில் நாம் பார்க்கிற அந்த மென்மையான, பால் கலந்த மாதிரியான நிழல்களில் பெரும்பகுதி இதுதான். சிதறின வெளிச்சம்.

சரியான வடிவம், தப்பான நேரம்

1840-ல் வியன்னா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் யோசெஃப் பெட்ஸ்வால், ஃபோய்க்ட்லாண்டர் கம்பெனிக்காக ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதுவரை புழக்கத்தில் இருந்த ஷெவாலியே லென்ஸைவிடச் சுமார் இருபது மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. அளவு எஃப்/3.6. கணக்குப் போட ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து ஆட்களைக் கொடுத்து உதவினார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர்கள், வெளிச்சம் எங்கே விழும் என்று போட்டார்கள். மனித முகத்தை வசதியாகப் படம் பிடிக்க முடிந்தது இதற்குப் பிறகுதான். நடுவில் நல்ல கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகச் சுழன்று கரையும் பின்னணி. இந்தச் சுழலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அடுத்த பெரிய பாய்ச்சல் ஜெர்மனியின் ஜெனா நகரத்தில். அங்கே எர்ன்ஸ்ட் அபே, கார்ல் ஸைஸ் இருவரோடும் சேர்ந்து ஓட்டோ ஷாட் 1884-ல் கண்ணாடித் தொழிற்கூடம் தொடங்கினார். பேரியம் கலந்த புது வகைக் கண்ணாடிகள் வந்தன. அந்த வசதியில் ஸைஸின் பால் ரூடால்ஃப் 1896-ல் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். ஆறு வில்லைகள், நடுவில் அபெர்ச்சர், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அமைப்பு. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற 50 மில்லிமீட்டர் லென்ஸ்களில் பெரும்பாலானவை இதன் வம்சம்தான்.

ஆனால் பிளானார் அன்றைக்குப் பெரிதாக எடுபடவில்லை. காரணம், எண்ணிப் பாருங்கள், காற்றைத் தொடும் பரப்புகள் 8. அதே ரூடால்ஃப் 1902-ல் டெஸ்ஸார் லென்ஸைக் கொண்டுவந்தார். நாலே வில்லை, 6 பரப்பு. எஃப்/6.3 அளவில்தான் ஆரம்பம், இருந்தும் படம் பளிச்சென்று வந்தது. "கேமராவின் கழுகுக் கண்" என்று விளம்பரம் செய்தார்கள். ஊர் உலகமெல்லாம் டெஸ்ஸார் பின்னால் போனது. நம்ம டென்னிஸ் டெய்லரும் 1893-லேயே மூன்றே வில்லையில் குக் டிரிப்ளெட் என்ற லென்ஸைக் கண்டுபிடித்திருந்தார். அதிலும் 6 பரப்புதான். குறைந்த பரப்பு உள்ள லென்ஸே நல்ல லென்ஸ் என்பது அந்தக் காலத்து நடைமுறை உண்மை.

இந்தப் போட்டி 1930-களில் இரண்டு பெரிய கேமராக்களுக்கு நடுவில் மறுபடி வந்தது. லைக்காவுக்காக லைட்ஸ் கம்பெனி 1933-ல் ஸம்மார் எஃப்/2 லென்ஸை விட்டது. பிளானார் வம்சம், 8 பரப்பு. அதற்கு முந்தின வருடம் ஸைஸ் ஐகானின் கான்டாக்ஸ் கேமராவோடு லுட்விக் பெர்டெலேயின் ஸொனார் வந்திருந்தது. பெர்டெலே செய்த தந்திரம் எளிமையானது. வில்லைகளுக்கு நடுவே காற்றை விடாமல், மூன்று வில்லைகளைக்கூட ஒன்றாக ஒட்டினார். எஃப்/1.5 ஸொனாரில் ஏழு வில்லை, ஆனால் மூன்றே கூட்டம், அதாவது 6 பரப்புதான். பூச்சு என்பதே இல்லாத காலத்தில், அவ்வளவு பெரிய அபெர்ச்சரில் கான்ட்ராஸ்ட் காப்பாற்றிய வழி அது. ஒட்டுவதும் வளைப்பதும் கஷ்டம், விலையும் அதிகம். சுங்கச்சாவடியைத் தவிர்க்க மலையைக் குடைந்து ரோடு போட்ட மாதிரி.

ராணுவ ரகசியம்

1935-ல் ஜெனாவில் ஸைஸ் கம்பெனியின் இயற்பியலாளர் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, டெய்லரின் கறையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். உக்ரைனில் பிறந்தவர். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் ஒரு ஃப்ளூரைடு உப்பைச் சூடாக்கி ஆவியாக்கி, அதைக் கண்ணாடியின் மேல் படியவைப்பது அவர் முறை. படலத்தின் தடிமன் வெளிச்சத்தின் அலைநீளத்தில் கால் பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அது வேலை செய்கிற விதம் இதுதான். படலத்தின் மேல்பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் திரும்புகிறது, அடிப்பக்கத்தில் கொஞ்சம் திரும்புகிறது. கால் அலை உள்ளே, கால் அலை வெளியே என்று போய்வருவதால் இரண்டாவது அரை அலை பின்தங்குகிறது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அணைந்துவிடுகின்றன. பிற்பாடு எல்லோரும் பயன்படுத்திய மெக்னீசியம் ஃப்ளூரைடு ஒரே அடுக்கு, சாதாரணக் கண்ணாடியில் 4 சதவீதத்தைச் சுமார் 1.3 ஆக இறக்கும். பரப்புக்கு 1.5 என்றே வைத்து, முன்னால் போட்ட 28 ஜோடிக் கணக்கை மறுபடி போடுங்கள். 7 சதவீதம் இருந்தது 0.6-க்கு வந்துவிடும். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே!

இந்தப் பூச்சைக் கேமராக்காரர்களுக்கு உடனே கொடுக்கவில்லை. பைனாகுலர், பீரங்கிக் குறிபார்க்கும் கருவி, நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் எல்லாவற்றுக்கும் தேவையான விஷயம் என்பதால் ஜெர்மனி அதை ராணுவ ரகசியமாக வைத்துக்கொண்டது. அதே வருடங்களில் அமெரிக்காவிலும் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1936-ல் கால்டெக்கின் ஜான் ஸ்ட்ராங் ஃப்ளூரைடு பூச்சைப் பற்றி எழுதினார். 1938-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் கேத்தரின் பிளாஜெட் வேறொரு முறையில் பிரதிபலிக்காத கண்ணாடியைச் செய்து காட்டினார்.

ஆக, போருக்கு முந்தின லென்ஸ், போருக்குப் பிந்தின லென்ஸ் என்று சேகரிப்பவர்கள் பிரிக்கிறார்களே, அதற்குள் இருக்கிற நிஜமான கோடு இந்தப் பூச்சு. லென்ஸை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. நீலமோ ஊதாவோ அடித்தால் ஒற்றைப் பூச்சு. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறம் கலந்திருந்தால் பெரும்பாலும் பல அடுக்கு.

ஜெனா சிதறியது

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஜெனாவுக்குள் நுழைந்தது. ஒப்பந்தப்படி அந்தப் பகுதியைச் சோவியத்துக்கு விட்டுத்தர வேண்டும். போவதற்கு முன் ஸைஸின் முக்கியமான நிபுணர்களை மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஓபர்கொக்கன் என்ற ஊரில் புது ஸைஸைக் கட்டினார்கள். சோவியத் தன் பங்குக்கு 1946-ல் இயந்திரங்களையும் ஆட்களையும் எடுத்துப்போனது. கான்டாக்ஸ் கேமரா கீவ் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஸொனார் ஜூபிட்டர் ஆனது. ஸைஸின் பயோடார் 58 மில்லிமீட்டர் எஃப்/2 வடிவம் ஹீலியோஸ்-44 ஆகி, ஜெனித் கேமராக்களோடு லட்சக்கணக்கில் வெளியே வந்தது. இன்றைக்கு மலிவு விலைப் பழைய லென்ஸ் என்று தேடுகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது இந்த ஹீலியோஸ்தான். அதைத் தொடும்போது, தோற்ற நாட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன ஒரு தொழிற்சாலையின் சொத்தைத் தொடுகிறோம்.

ஜப்பானில் நிப்பான் கோகாக்கு கம்பெனியும் ஸொனார் வடிவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. 1950-ல் லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் நிக்கார் 85 மில்லிமீட்டர் எஃப்/2 எடுத்த படங்களைப் பார்த்து அசந்துபோனார். கொரியப் போரை அந்த லென்ஸ்களோடு எடுத்தார். அதுவரை ஜெர்மன் சரக்கின் நகல் என்று பார்த்தவர்கள் ஜப்பானிய லென்ஸைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு திருப்பமும் அந்தப் பத்தாண்டில்தான். எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பெருகின. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். ஸொனாரின் பின்பக்க வில்லை ஃபிலிமுக்கு ரொம்பக் கிட்டே உட்காரும், அதனால் 50 மில்லிமீட்டரில் அது ஒத்துவரவில்லை. பிளானார் வம்சம் ஒத்துவந்தது. பூச்சும் கையில் இருந்தது. 1896-ல் போட்ட வடிவம் இடையில் முற்றாகத் தூங்கவில்லை, சினிமாவிலும் ஸம்மார், பயோடார் போன்ற லென்ஸ்களிலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது ராஜாவானது பூச்சு வந்த பிறகுதான்.

1971-ல் அசாஹி பென்டாக்ஸ், ஏழு அடுக்குப் பூச்சோடு சூப்பர் மல்ட்டி கோட்டட் டாக்குமார் லென்ஸ்களைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பரப்பு எண்ணிக்கை அதன்பிறகு யாரையும் பயமுறுத்தவில்லை. 2007-ல் வந்த நிக்கான் 24-70 மில்லிமீட்டர் எஃப்/2.8 ஜூம் லென்ஸில் 15 வில்லைகள், 11 கூட்டங்கள், 22 பரப்புகள். பூச்சே இல்லாமல் அதைச் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் ஃபிலிமுக்குப் போகும், மோதி வருகிற ஜோடிகள் 231. பெட்ஸ்வால் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்றிருப்பார்.

கணக்கு என்கிற மறுபாதி

பூச்சு மட்டும்தான் வித்தியாசமா? இல்லை. ஒரு வெளிச்சக் கதிர் எல்லா வளைவுகளையும் கடந்து எங்கே போய் விழும் என்று கண்டுபிடிக்க, அந்தக் காலத்தில் லாகரிதம் அட்டவணையை வைத்துக்கொண்டு கையால் கணக்குப் போட்டார்கள். ஒரு லென்ஸை முடிக்க மாதங்கள், வருடங்கள் ஆகும். ஏதோ ஒரு இடத்தில் "போதும்" என்று நிறுத்தித்தான் ஆக வேண்டும். லைட்ஸ் கம்பெனி 1953-ல் கொன்ராட் ஸூஸேயின் ஸெட்-5 கணிப்பொறியை வாங்கியது இதற்காகத்தான். பிறகு கோள வடிவம் இல்லாத வளைவுகள் வந்தன. 1966-ல் லைக்காவின் நாக்டிலக்ஸ் எஃப்/1.2-ல் அவற்றைக் கையால் தேய்த்துச் செய்தார்கள். இப்போது அச்சில் வார்க்கிறார்கள்.

பழைய லென்ஸின் சுழலும் பின்னணி, ஓரத்துக் கரைசல், முழு அபெர்ச்சரில் வருகிற லேசான மினுமினுப்பு, இவையெல்லாம் அந்தப் பாதியில் நின்ற கணக்கின் மிச்சம். ஹீலியோஸின் சுழலைப் பூச்சு மாற்றாது. ஸொனாரில் அபெர்ச்சரைச் சுருக்கினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும், அதையும் பூச்சு மாற்றாது.

இரண்டும் தனித்தனி என்பதற்கு நல்ல சாட்சி கடையிலேயே விற்றது. ஜப்பானின் கோசினா, ஃபோய்க்ட்லாண்டர் பெயரில் 40 மில்லிமீட்டர் எஃப்/1.4 நாக்டன் கிளாசிக் லென்ஸை இரண்டு விதமாக விற்றது. அதே கண்ணாடி, அதே வளைவு. ஒன்றில் பல அடுக்குப் பூச்சு, இன்னொன்றில் வேண்டுமென்றே ஒற்றைப் பூச்சு. ஸைஸ் இதற்கு நேர் எதிராக, பழைய ஸொனார் வடிவத்துக்குப் புதுப் பூச்சு போட்டு ஸி-ஸொனார் 50 மில்லிமீட்டரை விட்டது. முதலாவதில் பூச்சை மட்டும் பின்னோக்கித் தள்ளினார்கள். இரண்டாவதில் கணக்கைப் பழையதாக வைத்துப் பூச்சை மட்டும் புதுப்பித்தார்கள். உங்களுக்குப் பிடித்தது நிழலின் மென்மையா, பின்னணியின் கரைசலா என்று முதலில் தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

ஃபிலிமில் என்ன நடக்கிறது?

கூர்மையை எடுத்துக்கொள்வோம். பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. ஃபிலிம் ஒரு மில்லிமீட்டரில் 60 கோடு பிரிக்கும், லென்ஸும் 60 பிரிக்கும் என்றால், இரண்டும் சேர்ந்து பிரிப்பது சுமார் 30. லென்ஸை மாற்றி 120 பிரிக்கிற புதுசைப் போட்டால்? 60 ஆகாது, 40-தான். கோடாக் டி-மாக்ஸ் 100 ஃபிலிம், கான்ட்ராஸ்ட் குறைவான காட்சியில் பிரிப்பது 63 கோடுகள் என்று அந்தக் கம்பெனியின் தகவல் தாளே சொல்கிறது. அது நல்ல நுண்ணிய ஃபிலிம். 400 வேக ஃபிலிமில் இன்னும் குறையும். நாலு மடங்கு விலை கொடுத்து இரண்டு மடங்கு கூர்மையான லென்ஸ் வாங்கினாலும் ஃபிலிம் அதில் ஒரு பகுதியைத்தான் காட்டும். அபெர்ச்சரை எஃப்/8-க்குச் சுருக்கிவிட்டால், 1960-களின் நல்ல லென்ஸுக்கும் இன்றைய லென்ஸுக்கும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இரண்டு இடத்தில். முழு அபெர்ச்சரில், மற்றும் வெளிச்சத்துக்கு எதிரே.

கருப்பு வெள்ளையில் சிதறின வெளிச்சம் சில சமயம் உதவியும் செய்யும். உச்சி வெயிலில் நிழல் பகுதிக்கு ஃபிலிமைத் தட்டி எழுப்பும் அளவு வெளிச்சம் போகாது. பூச்சு இல்லாத லென்ஸ் அங்கே கொஞ்சம் வெளிச்சத்தைத் தூவி, நிழலைத் தூக்கிவிடும். ஆனால் எங்கே, எவ்வளவு தூவும் என்பது உங்கள் கையில் இல்லை. சூரியன் கொஞ்சம் நகர்ந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். கலர் ஃபிலிமில் இந்த வெள்ளை எல்லா நிறத்திலும் கலந்து வெளிறச் செய்யும்.

கலர் என்றதும் ஒரு விசித்திரம். 1960-களின் சில லென்ஸ்களில், ஒளிவிலகல் எண்ணைக் கூட்ட, தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். ஏழு வில்லை சூப்பர் டாக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப்/1.4 அதற்குப் பேர்போனது. தன் கதிர்வீச்சாலேயே அந்தக் கண்ணாடி வருடக்கணக்கில் பழுத்து, டீ நிறத்துக்கு வந்துவிடும். கருப்பு வெள்ளையில் இது லேசான மஞ்சள் ஃபில்டர் போட்ட மாதிரி, வானம் கொஞ்சம் கருக்கும், அவ்வளவுதான். ஸ்லைடு ஃபிலிமில் எல்லாமே மஞ்சள் காமாலை. புற ஊதா விளக்கிலோ, ஜன்னலோர வெயிலிலோ சில நாட்கள், சில வாரங்கள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. உடைத்து, தேய்த்து, தூசியாக்குவதுதான் கூடாது.

புதுசு ஃபிலிமை விட்டுப் போய்விட்டது

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று. இன்றைய புத்தம் புது லென்ஸ்களில் பெரும்பாலானவை உங்கள் ஃபிலிம் எஸ்.எல்.ஆரில் ஏறவே ஏறாது. நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மில்லிமீட்டர். புதிய ஸெட் மவுண்ட்டில் 16 மில்லிமீட்டர். கேனான் ஈ.எஃப். 44, ஆர்.எஃப். 20. பழைய லென்ஸைப் புதிய கேமராவில் வளையம் போட்டு மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட முடியாது, நடுவில் கண்ணாடி நிற்கிறது.

காரணம் இடம் மட்டும் இல்லை. மிர்ரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் நேர்க்கோடு வளைவதைக் கண்ணாடியில் முழுசாகத் திருத்துவதில்லை, கேமராவின் மென்பொருள் திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். ஃபிலிமுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கண்ணாடி என்ன செய்ததோ அதுதான் நெகடிவ். மறுபக்கம், பெர்டெலே 1950-களில் வடிவமைத்த பயோகான் 21 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு மிகக் கிட்டே உட்கார்ந்து, சாய்வாக வெளிச்சத்தை அனுப்பும். ஃபிலிம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் சென்சார் ஓரத்தில் நிறம் மாறிச் சண்டித்தனம் செய்யும்.

ஆகவே ஃபிலிமுக்கு "நவீன லென்ஸ்" என்றால், நடைமுறையில் டி.எஸ்.எல்.ஆர். காலத்து லென்ஸ்தான். இதில் வசதியான வழி கேனான். 1987-லிருந்து வந்த ஈ.எஃப். லென்ஸ்கள் எல்லாமே, 2015-ல் வந்த 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 எஸ்.டி.எம். உட்பட, பழைய ஈ.ஓ.எஸ். ஃபிலிம் பாடிகளில் ஏறும். நிக்கானில் கவனம் தேவை. அபெர்ச்சர் வளையம் இல்லாத ஜி வகை லென்ஸை எஃப்.எம்.2 மாதிரிக் கையால் இயக்கும் பாடியில் மாட்டினால், அபெர்ச்சர் கடைசிப் புள்ளியிலேயே நின்றுவிடும்.

வயசு குணம் இல்லை

மூன்றாவது பங்காளி வயசு. ஃபங்கஸ், உள்ளே படிந்த எண்ணெய்ப் புகை, ஒட்டின பிசின் விட்டுப்போவது, கீறல், இவை லென்ஸின் குணம் இல்லை, நோய். "ட்ரீமி லுக்" என்று சொல்லி மங்கல் பிடித்த லென்ஸை விற்பார்கள். நம்பாதீர்கள். ஸம்மாரின் முன்பக்கக் கண்ணாடி மெத்தென்றிருக்கும், பல பிரதிகளில் துடைத்துத் துடைத்தே கீறி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் படம் எடுத்து "ஸம்மார் இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்வது, காய்ச்சல்காரரைப் பாடச் சொல்லிக் குரல் சரியில்லை என்பது மாதிரி.

நம்ம ஊரில் ஃபங்கஸ் பெரிய எதிரி. சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஈரத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் வைத்தால், ஒரு மழைக்காலம் போதும். முதலில் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது, இவ்வளவுதான் வைத்தியம். வாங்கும்போது டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, சிலந்தி வலை மாதிரி இழை தெரிகிறதா என்று பாருங்கள்.

நூறு வருடத்துக்கு மேல் லென்ஸ்காரர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறைகள், இப்போது தனி விலைக்கு வருகின்றன. 2013-ல் லோமோகிராஃபி கம்பெனி பெட்ஸ்வால் லென்ஸைப் பித்தளை உடம்போடு ரஷ்யாவின் ஜெனித் தொழிற்சாலையில் மறுபடி செய்து விற்றது. வாங்கினவர்கள் கேட்டது அந்தச் சுழலைத்தான். அதில் தப்பில்லை. குறை என்று தெரிந்து, விரும்பி வாங்குவது ரசனை. குறை எது என்றே தெரியாமல் வாங்குவதுதான் நஷ்டம்.

கையில் இருக்கிற பழைய லென்ஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரே இடத்தில், வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஹூட் இல்லாமல் ஒரு படம், ஹூட் போட்டு ஒரு படம். நூறு ரூபாய் ரப்பர் ஹூட்டே போதும். நெகடிவ் இரண்டையும் விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹூட் போட்ட நெகடிவில் நிழல் பகுதி இன்னும் வெளிறித் தெளிவாக இருந்தால் உங்கள் பிரச்சனை சிதறின வெளிச்சம், அதற்குப் புது லென்ஸ் தேவையில்லை. மாறவே இல்லை என்றால் கணக்கா, வயசா என்று அடுத்து தேடலாம். இரண்டு ஃப்ரேம்தான் செலவு.